பயனாளி நேரில் வரவேண்டும்

மண்ணுக்கு உயிர் கொடுப்பதற்கென்றே ஓர் அலுவலகம் ஏரலில் மூன்று வருஷமாக நடந்து வருகிறது. வேர்வள மேம்பாட்டுத் திட்ட அலுவலகம் என்று பெயர். வாசலில் இரண்டு பூந்தொட்டிகள் உண்டு. இரண்டிலும் செடி கிடையாது. தொட்டியின் மேல் திட்டத்தின் பெயர் மட்டும் வருஷத்துக்கொரு தடவை புதுப் பெயிண்டில் பளபளக்கும். வேர்ப்பூஞ்சை கலந்த இயற்கை உரத்தை வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு மலிவு விலையில் கொடுப்பது அந்த அலுவலகத்தின் வேலை. அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லா வேலையும் அங்கே ஒழுங்காக நடந்தது. வருகைப் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுபட்டதில்லை.

சித்திரை மாதத்து வெயிலில் ஒரு திங்கட்கிழமை முகம்மது சுல்தான் அந்த அலுவலகத்துப் படியேறினார். வயது அறுபத்திரண்டு. இருபத்து நான்கு வருஷம் சவூதியில் தம்மாமில் சாலையோரத்து மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே வெறும் மணலில் கன்று வைக்கும்போது குழிக்குள் ஒரு பழுப்புப் பொடியை ஒரு கை போடச் சொல்வார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இருக்கிறது, அது வேரோடு ஒட்டிக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்தும் தண்ணீரையும் சத்தையும் இழுத்துக் கொடுக்கும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். பொடி போட்ட கன்று பிழைத்ததையும் போடாத கன்று கருகியதையும் சுல்தான் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். இப்போது அவருக்கும் அந்தப் பொடி ஒரு கை வேண்டியிருந்தது. உரக்கடை அண்ணாச்சி, "வேர்ப்பூஞ்சையா? அது நம்மகிட்ட வராது வே. ஆபீசுலதான் கொடுக்கான், அதுவும் கொள்ளை மலிவு" என்று கையைக் காட்டிவிட்டார்.

தோட்டம் என்று சுல்தானுக்கு இருந்தது மனைவி ஆபிதா பீவியின் கபர் ஒன்றுதான். அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்த ஐந்தாவது மாதம் அவள் போய்விட்டாள். அடக்கம் செய்யப்பட்டவர்களின் தலைமாட்டில் ஒரு பச்சைச் செடி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அது பச்சையாக இருக்கிற வரைக்கும் இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், அந்தத் துதியில் உள்ளே இருப்பவரின் பாரம் குறையும் என்பார்கள். சுல்தான் மருதாணிக் கன்று வைத்தார். அவர் விடுமுறைக்கு வரும்போது மட்டும்தான் ஆபிதா கையில் மருதாணி வைப்பாள். இருபத்து நான்கு வருஷத்தில் பதினோரு தடவை.

கபர்கள் இருக்கிற மையவாடியின் மண் சுக்கான் மண், சுண்ணாம்புக் கல்லாய் இறுகியது. மூன்று கன்று வைத்து மூன்றும் கருகிவிட்டன. நாலாவது கன்றில் இலை பழுக்க ஆரம்பித்திருந்தது. உயிரோடு இருந்தவளுக்குப் பணம் அனுப்பியதைத் தவிர தான் வேறொன்றும் செய்யவில்லை என்ற எண்ணம் அவரை ராவும் பகலும் தின்றுகொண்டிருந்தது. இந்த ஒரு செடியாவது தன் கையால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கோரிக்கை.

எழுத்தர் பாக்கியசீலன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தோட்டம் எங்கன இருக்கு பாய்?"

"பள்ளிவாசலுக்குப் பொறத்தால."

"பரப்பு?"

"ஆறடிக்கு மூணடி."

"மாடித் தோட்டமா?"

"இல்ல. கீழதான்."

"நெலம் ஆரு அனுபவத்துல இருக்கு?"

சுல்தானுக்குப் பொய் சொல்ல வராது. "எம் பெஞ்சாதி, ஆபிதா பீவி."

"எத்தன நாளா?"

"எட்டு மாசமா."

"சொந்தமா, குத்தகையா?"

"ரெண்டும் இல்ல. அங்கனயே இருந்துக்கிட வேண்டியதுதான்."

"எப்பம் காலி பண்ணுவாவ?"

"கியாமத்து நாள்ல, மவுத்தானவுக எல்லாரும் எந்திரிக்கிற அன்னைக்கு."

"தேதி வேணும் பாய்."

"அது அல்லாவுக்குத்தான் தெரியும்."

பாக்கியசீலன் சற்று யோசித்து, 'நீண்டகாலக் குத்தகை' என்ற கட்டத்தைத் தட்டினார். சுல்தானுக்கு மனசு கேட்கவில்லை. "தம்பி, வெவரமாச் சொல்லிருதேன். அவ மவுத்தாயிட்டா. நான் சொல்லுதது அவ கபரு. தலைமாட்டுல வச்ச செடி பட்டுப்போகுது, அதுக்குத்தான் கேக்கேன்" என்றார்.

பாக்கியசீலன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம்தான் அவருடைய அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். "எனக்கு வெளங்குது பாய்" என்றார் மெதுவாக. "ஆனா இந்தக் கம்ப்யூட்டர்ல அதுக்குக் கட்டம் இல்ல. உசுரோட இருக்காவளா இல்லியான்னு இது கேக்கவே மாட்டேங்கி. ஆம்பளையா பொம்பளையான்னு மட்டும் கேக்கி. பொம்பளைன்னா முன்னுரிமை. அவுக பேருலயே போட்டுருதேன், வெரசாக் கெடைச்சிரும்."

"எம் பேருல போட முடியாதா?"

"ஒம்ம பேருல தோட்டம் இல்லியே பாய்."

இப்படியாக, ஒரு நல்ல மனுஷரின் இரக்கத்தால், ஆபிதா பீவி வேர்வளத் திட்டத்தின் முன்னுரிமைப் பயனாளி ஆனாள்.

இருப்பிடச் சான்று கேட்டார்கள். ஜமாஅத் செயலாளர் அலி அஸ்கரிடம் கல்யாணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கொடுக்கிற ஒரே மாதிரிக் கடிதம்தான் அச்சடித்து இருந்தது. அதில் பெயரை மட்டும் நிரப்பினார். மேற்படி ஆபிதா பீவி நமது மஹல்லாவில் நிரந்தரமாக வசிப்பவர், அமைதியான நடத்தை உடையவர், இவரால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. கையெழுத்துப் போடுமுன் அலி அஸ்கர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "இதுல ஒரு வார்த்தை பொய் இல்ல வே" என்று சொல்லி முத்திரை குத்தினார். சுல்தானும் படித்தார். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்ற வரியை மட்டும் இன்னொரு தடவை படித்துவிட்டு, மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார்.

அடுத்த படி உதவி இயக்குநர் கார்த்திகேசனின் அறை. விதிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனிதர். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"பயனாளி நேரில் வரவேண்டும்" என்றார் கண்ணை மூடி. "கைரேகை வைக்க வேண்டும்."

"சார், அவ வர முடியாது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. போன வருஷம் ஒரு ஆள், செத்துப்போனவங்க பத்துப் பேர் பெயரில் உரம் வாங்கிட்டுப் போயிட்டார். அதனாலதான் இந்த விதியே கொண்டுவந்தோம். இறந்தவர்கள் பெயரில் இனி ஒரு மூட்டைகூட வெளியே போகக்கூடாது."

"எம் பெஞ்சாதியும் இறந்தவதான் சார்."

கார்த்திகேசன் கண்ணைத் திறந்து அவரை அன்போடு பார்த்தார். "நீங்கதான் மறைக்காமச் சொல்லிட்டீங்களே. மறைத்தால்தான் முறைகேடு."

"அப்பம் கெடைக்குமா?"

"நேரில் வந்தால் கிடைக்கும். எழுந்து நடமாட இயலாதவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுக்கு மருத்துவர் சான்று வேணும்."

சுல்தான் மஞ்சள் பையைத் துழாவினார். அதில் மருத்துவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது. ஆபிதா இறந்த அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அதை மேஜைமேல் வைத்தார். கார்த்திகேசன் மேலிருந்து கீழ் வரைக்கும் நிதானமாகப் படித்தார்.

"இது போதும்" என்றார். "நடமாட மாட்டார் என்பது இதிலே ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கு. இவ்வளவு தெளிவாச் சான்று கொடுக்கிற மருத்துவர்கள் இப்போ குறைஞ்சிட்டாங்க."

உரம் வந்து இறங்கி ஏற்கெனவே பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நானூறு மூட்டை, தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்தார்கள். விழா வைத்துத்தான் விநியோகிக்க வேண்டும், விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்கிற பேச்சே இல்லை. சுல்தான் தினமும் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு மையவாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், மீதி இருக்கிற இலைகளை எண்ணுவார், பத்து மணிக்கு அலுவலக பெஞ்சில் வந்து உட்காருவார். முதல் வாரம் பதினேழு இலை. அடுத்த வாரம் பதினொன்று.

அந்தச் சமயத்தில்தான் தணிக்கைக் குழு வந்தது. வந்தவர்கள் கொட்டகையில் ஒரு மூட்டையைப் பிரித்துக் கொஞ்சம் பொடியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் பதில் வந்தது: மேற்படி உரத்தில் பூஞ்சை காணப்படுகிறது. கிடங்கில் உள்ள எந்தப் பொருளிலும் பூஞ்சையோ பூச்சியோ எலிப்புழுக்கையோ இருக்கக்கூடாது என்பது கிடங்கு விதி. உதவி இயக்குநர் முப்பது நாளுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும் என்று ஓலை வந்தது.

அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. கார்த்திகேசனுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. வேளாண்மை படித்துவிட்டு ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த சுப்ரஜா என்ற பெண் மட்டும் அறைவாசலில் நின்று, "சார், அதுல பூஞ்சை இருக்கணும் சார். அதுக்காகத்தானே அந்த உரமே" என்றாள். பெஞ்சில் இருந்த சுல்தானுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நீ சொல்றது விஞ்ஞானம்மா" என்றார் கார்த்திகேசன். "இது தணிக்கை."

மறுநாள் முகத்தில் துணி கட்டிய நாலு பேர் வந்தார்கள். மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தரையில் கொட்டி, மருந்து அடித்து, கிளறி, மறுபடி அடித்து, வெயிலில் உலர்த்தினார்கள். மூன்று நாள் வேலை. வாடை பஸ் நிலையம் வரைக்கும் அடித்தது.

"என்னத்தத் தம்பி அடிக்காவ?" என்று சுல்தான் பாக்கியசீலனைக் கேட்டார்.

"பூஞ்சைக்கொல்லி, பாய்."

"நான் அந்தப் பூஞ்சையைத்தான கேட்டு வந்திருக்கேன்?"

பாக்கியசீலன் சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினார். "வெசனப்படாதேயும். மூட்டையில வேர்ப்பூஞ்சைன்னு அச்சு அடிச்சிருக்கில்லா, அதெல்லாம் அழியாது."

மறு பரிசோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்தது. தணிக்கை ஆட்சேபணை கைவிடப்பட்டது. கார்த்திகேசனுக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்து, அது கண்ணாடி போட்டுச் சுவரில் ஏறியது. இந்தக் கடிதம் ஐந்தே நாளில் வந்து சேர்ந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில் வைகாசி பிறந்து விழா நடந்தது. பந்தல், நாதசுரம், சால்வை எல்லாம் உண்டு. கார்த்திகேசன் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பயனாளிகளே! தனியார் கடைகளிலும் உரம் விற்கிறார்கள். அதைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்துப் பாருங்கள், உள்ளே பூஞ்சை இருக்கும், கிருமி இருக்கும், என்னென்னவோ உயிரோடு இருக்கும். நாம் கொடுக்கிற வேர்ப்பூஞ்சை உரத்தில் ஒரு பூஞ்சைகூடக் கிடையாது. எந்த உயிரும் இதில் இல்லை என்பதற்கு என்னிடம் எழுத்துபூர்வமான சான்று இருக்கிறது. மக்களுக்குச் சுத்தமான பொருளைத்தான் கொடுப்போம் என்பதில் இந்த அரசு அலுவலகம் உறுதியாக இருக்கிறது!"

கைதட்டல் விழுந்தது. தோட்டத்தின் பரப்புக்குத் தக்கபடி சுல்தானுக்கு ஒரு கிலோ பொட்டலம் கிடைத்தது. ஆபிதாவின் பெயர் அச்சிட்ட ரசீதும் கிடைத்தது. பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மையவாடிக்கு நடந்தார். இவ்வளவு பொடியில் ஒன்றிரண்டாவது மருந்துக்குத் தப்பியிருக்காதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. செடியில் அப்போது நாலு இலை. பிஸ்மில்லா சொல்லி வேரைச் சுற்றிப் பைய மண்ணைக் கிளறி, ஒரு கை போட்டு, நினைத்துக்கொண்டு இன்னொரு கையும் போட்டு, தண்ணீர் ஊற்றினார்.

பத்தாம் நாள் சுப்ரஜா கள ஆய்வுக்கு வந்தாள். தோட்டத்தின் முகவரியைக் கேட்டுக் கேட்டு வந்து, மையவாடி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். சுல்தான் வேலிக்கு வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வேலிக்கு இந்தப் பக்கமே நின்று போனை உயர்த்தினாள். பயனாளியும் செடியும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. படம் எடுத்ததும், 'பயனாளி படத்தில் உள்ளாரா?' என்று போன் கேட்டது. சுப்ரஜா கபரின் தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கல்லைப் பார்த்தாள். பிறகு 'ஆம்' என்று தட்டினாள்.

"செடி பொழைக்குமா தாயி?" என்று சுல்தான் கேட்டார். ஒரு இலை மிச்சம் இருந்தது.

"ஐயா, ஒங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு இல்ல. அந்தப் பொடியில ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் கொன்னுட்டாங்க." அவள் போனைப் பைக்குள் போட்டாள். "அது ஆபீசுல மட்டும் கெடைக்கிற பொருள் இல்ல ஐயா. செடி செழிப்பா நிக்கிற எந்த மண்ணுலயும் வேரோட சேந்து இருக்கும். வீட்டுல பழைய மருதாணி இருந்தா, அதோட வேரடி மண்ணை ரெண்டு கை கொண்டாந்து போடுங்க. இன்னிக்கே போடுங்க."

சுல்தான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார். கொல்லைக் கதவைத் திறந்தார். கொல்லை முழுக்க டைல்ஸ், சுவருக்குச் சுவர்.

அவர் போடச் சொன்னதுதான். தம்மாமிலிருந்து போன் போட்டு, 'பெருக்கிப் பெருக்கி ஒனக்கு முதுகு வலிக்கி, மண்ணே கெடக்கக் கூடாது' என்று சொன்னார். 'மருதாணி நிக்கே?' என்று மட்டும் ஆபிதா கேட்டாள். 'அதை வெட்டிருவாவ. கடையில கோன் விக்கான், வாங்கிக்கோ' என்றார் இவர். 'சரி, ஒங்க இஷ்டம்' என்று வைத்துவிட்டாள். அடுத்த விடுமுறையில் அவள் கையில் இருந்தது கடைக் கோன். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. தெரியவில்லையே என்று இப்போது தலையில் அடித்துக்கொண்டார்.

கடப்பாரை வாங்கி வந்து, அந்தச் செடி நின்ற மூலையில் ஒரு டைல்ஸைப் பெயர்த்தார். அடியில் சிமெண்ட். அதற்கடியில் ஜல்லி. அதற்கடியில் ஆற்று மணல், காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்தது. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினார், ஒரு வேர்த்துண்டுகூடக் கையில் படவில்லை. பிறகு வாய்க்கால் கரையில் நின்ற யார் வீட்டுச் செடியின் அடியிலிருந்தோ மண்ணை அள்ளிக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கடைசி இலை மீசான் கல்லின் அடியில் கிடந்தது. மண்ணைப் போட்டார். அதற்குப் பிறகும் ஒன்பது நாள் அந்தக் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினார். குச்சி, குச்சியாகவேதான் இருந்தது.

சுப்ரஜா தன் அறிக்கையில் செடி பட்டுவிட்டது என்று எழுதப் பார்த்தாள். 'வளர்ச்சி நிலை' என்ற இடத்தில் 'நன்று', 'மிக நன்று' என்ற இரண்டு கட்டம்தான் இருந்தது. அவள் எதையும் தொடாமல் விட்டாள். காலியாக விடப்படும் இடங்களில் உயர்ந்த மதிப்பைக் கணினி தானாகவே எடுத்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஆனி மாதக் கடைசியில் வீட்டுக்குக் கடிதம் வந்தது. சிறந்த வேர்வளப் பயனாளியாகத் திருமதி ஆபிதா பீவி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், பரிசு பெற நேரில் வரவேண்டும். சுல்தானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லார் முன்னாலும் மேடையேறி, செடி செத்துப்போச்சு, எம் பெஞ்சாதியும் செத்துப்போனா, ரெண்டையும் எழுதிக்கிடுங்க என்று கேட்டுவிட வேண்டும் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது வரிசையில், நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தார்.

கார்த்திகேசன் பேசினார். "நானூறு பயனாளிகளை ஆய்வு செய்தோம். பலர் வீட்டில் இல்லை. சிலர் வெளியூர் போய்விட்டார்கள். ஆனால் எப்போது போய்ப் பார்த்தாலும் தன் தோட்டத்திலேயே இருந்த பயனாளி ஒரே ஒருவர்தான். ஒரு நாள், ஒரு மணி நேரம்கூட அவர் தன் நிலத்தை விட்டு நகர்ந்ததில்லை. எந்தக் கோரிக்கையும் வைத்ததில்லை, எந்தப் புகாரும் சொன்னதில்லை. எல்லாப் பயனாளிகளும் அவரைப் போல ஆகிவிட்டால் இந்தத் திட்டம் முழு வெற்றி பெற்றுவிடும்."

கைதட்டல் ஓய்ந்ததும் பாக்கியசீலன் மைக்குக்கு வந்தார். பட்டியலைப் பார்த்தார். வாசிக்காமல் நிமிர்ந்தார். பக்கத்திலிருந்து கார்த்திகேசன் விரலைச் சொடுக்கவும், வேறு வழியில்லாமல் வாசித்தார்.

"ஏரல், திருமதி ஆபிதா பீவி அவர்கள் மேடைக்கு வரவும்."

சுல்தான் எழுந்திருக்க முன் நாற்காலியைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. ஆபிதா பீவி என்று முழுப்பெயரை ஒருவர் மைக்கில் சொல்லி அவர் கேட்டது, முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நிக்காஹ் அன்றைக்குத்தான். அவள் போன பிறகு வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மகன் போனில் உம்மா என்கிறான். தெருவில் மவுத்தானவுக என்கிறார்கள். அவரும்கூட ஒருநாள் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் பதில் வராதே என்ற பயத்தில்.

"திருமதி ஆபிதா பீவி அவர்கள், எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்."

பந்தலில் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வரப்போகிறவளுக்கு வழிவிட்டு ஒரு பெண் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மேடையில் சால்வையைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், சுல்தானும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். சொல்ல வேண்டும் என்று கொண்டுவந்த அத்தனையும் நெஞ்சிலேயே இருக்க, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் சுல்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போனால், கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள்.